காவடியில் வந்த காரம்

மீ கோரேங் மாமாக். பினாங்கில் ராத்திரி பத்து மணிக்குப் பசி எடுத்தால் தெருமுனைக் கடையில் சுடச்சுடக் கிடைக்கும் சாப்பாட்டின் பெயர் இது. பெயருக்குள்ளேயே மூன்று மொழி உட்கார்ந்திருக்கிறது. ‘மீ’ என்றால் தென்சீனத்து ஹொக்கியன் பேச்சில் நூடுல்ஸ். ‘கோரேங்’ மலாய்ச் சொல். எண்ணெயில் வறுத்தது, வதக்கியது என்று பொருள். ‘மாமாக்’ நம் வீட்டு மாமா. தமிழ் முஸ்லிம் கடைக்காரர்களை மலாய்க்காரர்கள் மரியாதையாக மாமா என்று கூப்பிடப்போய் அதுவே மாமாக் ஆனது என்பதுதான் அங்கே பரவலாகச் சொல்லும் விளக்கம்.

தமிழ்நாட்டிலும் காரமான நூடுல்ஸ் இன்று வீட்டுச் சாப்பாடாகிவிட்டது. கொரியப் பாக்கெட்டைப் பிரித்துக் கண்ணில் நீர் முட்ட முட்டச் சாப்பிடும் பிள்ளைகள் இல்லாத தெரு குறைவு. ஆசியாவில் ஆதிகாலம் தொட்டு இப்படித்தான் சாப்பிட்டு வந்தார்கள் என்று தோன்றும். ஆனால் கணக்குப் பார்த்தால் நூடுல்ஸுக்கு வயது 4,000; அதில் மிளகாய் ஏறிச் சுமார் 300 ஆண்டுதான் இருக்கும். இரண்டும் உலகின் இரண்டு ஓரங்களில் பிறந்தவை. அவை எங்கே சந்தித்தன, யார் தோளில் ஏறி ஊர் ஊராகப் போயின என்பது நான் ரொம்ப நாளாக ஆசையோடு தேடித் தேடிப் படித்துவரும் கதை.

முதலில் நூடுல்ஸ். சீனாவின் மேற்கே சிங்ஹாய் மாகாணத்தில், மஞ்சள் நதியின் மேல்கரையில் லாஜியா என்று ஒரு தொல்லூர் இருக்கிறது. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் நிலநடுக்கமும் வெள்ளமும் சேர்ந்து அந்த ஊரை மண்ணுக்குள் தள்ளிவிட்டன. தொல்லியலாளர்கள் தோண்டியபோது ஒரு வீட்டின் தரையில் மண்கிண்ணம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. தூக்கிப் பார்த்தால், கிண்ணத்தின் உள்வடிவத்தில் இறுகிப்போன மண்மேட்டின் தலையில் சுருள் சுருளாக மஞ்சள் இழைகள். சில இழைகள் அரை மீட்டருக்கும் நீளம். கனம் சுமார் 3 மில்லிமீட்டர். யாரோ சாப்பிட எடுத்து வைத்தது. கிண்ணம் கவிழ்ந்ததால் அது மட்டும் அழியாமல் தங்கியிருந்தது. வெளிக்காற்றுப் பட்டதும் சீக்கிரமே உதிர்ந்து பொடியாகிவிட்டது.

2005-ல் ‘நேச்சர்’ இதழ் இந்த ஆய்வை வெளியிட்டபோது எல்லோருக்கும் ஆச்சரியம் தந்தது அதன் வயது மட்டுமல்ல. அந்த இழைகளில் கோதுமை இல்லை. தினையும் பனிவரகும் இருந்தன. தினைமாவில் பசையே கிடையாதே, அதை இவ்வளவு நீளத்துக்கு எப்படி இழுக்க முடியும் என்று வேறு சில ஆய்வாளர்கள் மறுத்தார்கள். இழுக்கவில்லை, அச்சில் பிழிந்திருப்பார்கள் என்று முதல் குழு பதில் சொன்னது. அப்படிப் பிழிந்தும் காட்டியது. இடியாப்ப நாழியைப் பிடித்துத் திருகிய கை உள்ளவர்களுக்கு அந்தப் பதிலில் சந்தேகம் வராது.

கோதுமை மேற்காசியாவிலிருந்து சீனாவுக்கு நடந்து வந்த பயிர். வந்த பிறகும் நெடுங்காலம் முழுத் தானியமாக வேகவைத்தே சாப்பிட்டார்கள். ஹான் அரச காலத்தில், ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன், திரிகைக் கல் பரவிய பிறகுதான் மாவு வந்தது. மாவு வந்ததும் பிசைவதும் இழுப்பதும் வெட்டுவதும் தொடங்கின. சோங் அரசர்களின் தலைநகரான கைஃபெங்கில் நூடுல்ஸுக்கென்றே கடைகள் நடந்தன. மார்க்கோ போலோதான் இதை இத்தாலிக்குக் கொண்டுபோனார் என்று ஒரு கதை உண்டு. அவர் வெனிஸுக்குத் திரும்பியது 1295-ல். சிசிலியில் நூல் போன்ற உலர்மாவு உணவு செய்து கப்பலேற்றி அனுப்புகிறார்கள் என்று அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி அதற்கு 140 ஆண்டுகளுக்கு முன்பே, 1154-ல், எழுதிவிட்டார். மார்க்கோ போலோ கதையை ஊரெங்கும் பரப்பியது 1929-ல் அமெரிக்க மக்ரோனி உற்பத்தியாளர் சங்கத்தின் பத்திரிகை.

கைஃபெங் கடையில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் கேட்டிருந்தால் காரத்துக்கு என்ன கிடைத்திருக்கும்? இஞ்சி கிடைத்திருக்கும். கேரளக் கரையிலிருந்து போன மிளகு, காசுள்ளவர்களுக்குக் கிடைத்திருக்கும். அதோடு ‘ஹுவாஜியாவ்’ என்று ஒரு காய். சிச்சுவான் மிளகு என்று இன்று பெயர் பெற்றிருக்கும் அது மிளகின் உறவே அல்ல. எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. கடித்தால் சுடாது, நாக்கும் உதடும் விறுவிறுக்கும். அந்த விறுவிறுப்பு நொடிக்கு 50 முறை அதிரும் அதிர்வுக்குச் சமம் என்று 2013-ல் லண்டன் ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். நம் வீட்டு மின்சாரம் ஓடுவதும் நொடிக்கு அதே 50 சுற்றுதான்.

மிளகாய் மட்டும் கிடைத்திருக்காது. அது அப்போது அமெரிக்கக் கண்டங்களில் இருந்தது, வேறெங்கும் இல்லை.

மிளகைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ், கரீபியத் தீவுகளில் மிளகாயைக் கண்டு, 1493 ஜனவரியில் தன் நாட்குறிப்பில் இது நம் மிளகைவிட உயர்ந்தது என்று குறித்துவைத்தார். ஸ்பானிய மொழியில் மிளகின் பெயரையே கொஞ்சம் மாற்றி இதற்குச் சூட்டினார்கள். போர்ச்சுக்கீசியர் கப்பலில் அது 16-ம் நூற்றாண்டில் இந்தியக் கரையேறியபோது தமிழர் செய்ததும் அதேதான்: மிளகு போல எரிக்கும் காய், மிளகாய். சீனர்களும் அப்படியே. அவர்கள் ஊர்க் காய் ‘ஜியாவ்’. இது கடல் கடந்து வந்ததால் ‘ஃபான்ஜியாவ்’, அந்நிய மிளகு. சிச்சுவான் பேச்சில் இன்றைக்கும் அது ‘ஹாய்ஜியாவ்’, கடல் மிளகு. ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமலே மூன்று ஜனங்கள் ஒரு செடியைக் கண்டு ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

கொரியாவிலும் ஜப்பானிலும் பெயர்க்கதை இன்னும் சுவையானது. ஜப்பானியர் அதைச் சீனத்துக் கடுகு என்று அர்த்தம் வரும்படி ‘தோகராஷி’ என்றார்கள். கொரியரோ ஜப்பான் கடுகு என்றார்கள். யாருக்கும் அது தன் ஊர்ப் பொருள் இல்லை. பக்கத்து ஊர்க்காரன் கொண்டுவந்தது. 1614-ல் கொரிய அறிஞர் யி சுக்வாங் எழுதிய கலைக்களஞ்சியத்தில் மிளகாய்க்கு ஓர் எச்சரிக்கையே இருக்கிறது: அதில் கொடிய நஞ்சு உண்டு, சாராயக் கடைக்காரர்கள் அதைக் கலந்து விற்கிறார்கள், குடித்தவர்களில் பலர் செத்துப்போகிறார்கள் என்று. இந்த எச்சரிக்கையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கடைசியில் தேவைப்படும்.

சீனாவில் மிளகாயைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் எழுத்து 1591-ஐச் சேர்ந்தது. எழுதியவர் ஹாங்ஜோ நகரத்து காவ் லியன், நாடகாசிரியர், நல்ல ரசிகர். வெள்ளைப் பூ, தேய்ந்த தூரிகை முனை போன்ற காய், கண்ணுக்கு அழகான சிவப்பு, காரச் சுவை என்று அவர் வர்ணிக்கிறார். தொட்டியில் வைத்துப் பார்க்கும் அலங்காரச் செடிகளின் வரிசையில்தான் அதைச் சேர்த்திருக்கிறார். பணக்காரர் வீட்டு முற்றத்தில் அழகுக்கு நின்ற செடியைச் சட்டிக்குள் போட்டவர்கள் ஏழைகள்.

எங்கே? குய்ஜோவில். தென்மேற்கே மலை சூழ்ந்த மாகாணம் அது. அங்கே உப்பு விளையாது. வெளியிலிருந்து வர வேண்டும். மலை ஏறி வருவதற்குள் அதன் விலையும் மலை ஏறிவிடும். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுத்த ஒரு மாவட்டக் குறிப்பு, இங்குள்ள மலைவாசிகள் கடல் மிளகை உப்புக்குப் பதிலாகச் சாப்பிடுகிறார்கள் என்கிறது. அதற்கு ‘காரத்தீ’ என்று பட்டப்பெயரும் சொல்கிறது. உப்பில்லாத சோறு தொண்டையில் இறங்க ஒரு வழி வேண்டுமே. இரண்டு மிளகாயைக் கடித்துக்கொண்டால் இறங்கும். வெறும் மிளகாயைத் தொட்டுக்கொண்டு கஞ்சி குடித்தவர்கள் இந்த வரியை விளக்கம் இல்லாமலே புரிந்துகொள்வார்கள். ஆசியாவின் காரச் சமையலைப் பற்றி நான் படித்ததில் என்னை மிகவும் தொட்டது அந்த ஒரு குறிப்புதான்.

பக்கத்து சிச்சுவான் 17-ம் நூற்றாண்டுப் போர்களில் ஆளரவமற்றுப் போயிருந்தது. ஹூனானிலிருந்தும் ஹூபெய்யிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் குடியேறினார்கள். மிளகாய் அங்கே வேரூன்றி, பழைய ஹுவாஜியாவோடு ஜோடி சேர்ந்தது. சுடுவதும் விறுவிறுப்பதும் ஒரே கவளத்தில்.

அந்த சிச்சுவானில் ஸிகோங் என்று ஓர் ஊர். அது உப்பூர். மூங்கில் வடத்தில் இரும்பு உளியைக் கட்டி அடித்து அடித்தே 1835-ல் அங்கே 1,000 மீட்டருக்கு மேல் ஆழமான உப்புநீர்க் கிணறு ஒன்றைத் தோண்டிவிட்டார்கள். உப்புக் கிணறு என்றால் கூலியாட்கள். கூலியாட்கள் என்றால் தெருவில் நின்று சாப்பிடும் மலிவுச் சாப்பாடு. அவர்களுக்கு நூடுல்ஸ் விற்க வந்தவர் தோளில் ஒரு தண்டு இருந்தது. தண்டின் ஒரு முனையில் அடுப்பும் பானையும், மறுமுனையில் கிண்ணமும் மசாலாவும். அந்தத் தண்டுக்குச் சீனத்தில் ‘தான்’. அதனால் அந்தச் சாப்பாட்டுக்கு ‘தான்தான் மியன்’ என்று பெயர். காவடி நூடுல்ஸ் என்றே தமிழில் சொல்லிவிடலாம். 1841-ல் அங்கே ஒரு வியாபாரி இதைத் தொடங்கினார் என்று ஊர்க்கதை சொல்கிறார்கள்.

காவடியில் வந்ததன் அடையாளம் அதன் செய்முறையிலேயே இருக்கிறது. தோளில் நிறையத் தண்ணீர் சுமக்க முடியாதாகையால் குழம்பு கிடையாது. கிண்ணத்தின் அடியில் மிளகாய் எண்ணெய், சோயா, காடி, பொடித்த ஹுவாஜியாவ், ஊறவைத்த கடுகுக்கீரை. அதன்மேல் வெந்த நூடுல்ஸ். தலையில் ஒரு கரண்டி முறுகலாக வறுத்த கொத்துக்கறி. வாங்கியவர் தானே கிளறிச் சாப்பிட வேண்டும். நின்றபடியே பத்து வாயில் முடிந்துவிடும்.

இந்தத் தண்டுக்கு ஓர் அண்ணனோ தம்பியோ தெற்கே கடலோரத்தில் இருந்தான். 1786-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் கொடி நட்டு, சுங்கமில்லாத் துறைமுகம் என்று அறிவித்ததும், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, காரைக்கால் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் அங்கே இறங்கினார்கள். அவர்களுக்குச் சூலியர் என்று பெயர். ஜார்ஜ்டவுனில் சூலியா தெரு இன்றும் இருக்கிறது. 1801-ல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை நிறுவியவர் பரங்கிப்பேட்டைக்காரரான காதர் முகைதீன். பின்னால் ராமநாதபுரத்திலிருந்தும் கடையநல்லூர், தென்காசியிலிருந்தும் ஆட்கள் போனார்கள். துறைமுகக் கூலிகளுக்குச் சோறும் கறியும் விற்ற தமிழர் தோளிலும் தண்டுதான். மலாயில் அதற்குக் ‘கண்டார்’. அந்தச் சோறு ‘நாசி கண்டார்’. ஸிகோங்கில் காவடி நூடுல்ஸ், பினாங்கில் காவடிச் சோறு. சாப்பாட்டின் பெயரில் சாப்பாடு இல்லை, சுமந்த தண்டு இருக்கிறது.

அதே தெருக்களில் ஹொக்கியன்காரர்கள் மஞ்சள் ‘மீ’ விற்றுக்கொண்டிருந்தார்கள். பன்றிக் கொழுப்பில் வதக்கியதைத் தமிழ் முஸ்லிம்கள் தொட முடியாது. ஆனால் மீ நல்ல பண்டம், மலிவு, சீக்கிரம் வெந்துவிடும். ஆகவே மீயை மட்டும் வாங்கிக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் தங்கள் வழியில் செய்துவிட்டார்கள். அரைத்த காய்ந்த மிளகாய், வேகவைத்த உருளைக்கிழங்கு, பொரித்த தோஃபு, காரமாகச் சுருட்டிய கணவாய், முட்டை, மேலே பிழிய எலுமிச்சை. சீனச் சட்டியில் தமிழ்ப் பொரியல்.

ஜார்ஜ்டவுனில் ஒரு தள்ளுவண்டிக்கு முன்னால் அரைமணி நேரம் நின்று பார்த்திருக்கிறேன். அறுபது வயது மதிக்கத்தக்க மாமா. எவ்வளவு கூட்டம் நின்றாலும் ஒரு சமயத்தில் ஒன்றிரண்டு தட்டுக்குத்தான் போடுவார். சட்டி புகை விடும்வரை காத்திருந்து எண்ணெய், உடனே செக்கச்செவேல் என்ற மிளகாய் விழுது. நெடி மூக்கில் ஏறித் தெருவே தும்மும். “தம்பி, பெடாஸா போடவா?” என்று திரும்பாமலே கேட்டார். பெடாஸ் என்றால் மலாயில் காரம். “போடுங்க மாமா” என்றேன். மீயை அள்ளிப் போட்டுக் கரண்டியால் அமுக்கினார், புரட்டினார், மறுபடி அமுக்கினார். அமுக்கும் இடத்தில் அடி லேசாகக் கருகி, அந்தக் கருகல் வாசனைதான் தட்டு முழுவதும் ஏறுகிறது. கடைசியில் ஒரு சிவப்புப் புட்டியை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினார். தக்காளி சாஸ்.

அந்தப் புட்டியை நான் அலட்சியமாகத்தான் பார்த்தேன், அதன் பூர்விகம் தெரியும்வரை. ‘கேட்சப்’ என்ற சொல்லே தென்சீனத்து ஹொக்கியன் சொல். மீனை உப்பில் புளிக்கவைத்த நீருக்கு ‘கே சியாப்’ என்று பெயர். ஆங்கிலேயக் கப்பல்காரர்கள் அதன் ருசியில் மயங்கி ஊருக்குக் கொண்டுபோய்ப் போலி செய்தார்கள். 1727-ல் அச்சான ஓர் ஆங்கிலச் சமையல் புத்தகத்தில் நெத்திலி மீனை வைத்துச் செய்யும் முறை இருக்கிறது. பிறகு காளானில் செய்தார்கள். 1812-ல் பிலடெல்பியா மருத்துவர் ஜேம்ஸ் மீஸ் தக்காளியில் செய்யும் முறையை வெளியிட்டார். 1876-ல் ஹைன்ஸ் கம்பெனி புட்டியில் அடைத்து விற்றது. மீன் போயிற்று, சர்க்கரை வந்தது, நிறம் சிவந்தது. இப்படி உருத்தெரியாமல் மாறிய பண்டம் ஆங்கிலேயரோடு கப்பலேறி மலாயாவுக்கே வந்து, ஹொக்கியன்காரரின் மீயோடு ஒரு தமிழரின் சட்டியில் சேர்ந்தது. அதே சொல் இந்தோனேசியாவில் ‘கெச்சாப்’ என்று தங்கி, இனிப்புச் சோயாச் சாறுக்குப் பெயரானது. அங்கே மீ கோரேங்கில் ஊற்றுவது அது. ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு பிள்ளைகள், ஒன்று உள்ளூரில் வளர்ந்தது, ஒன்று உலகம் சுற்றித் திரும்பியது.

சரி, இதெல்லாம் கடையிலும் தெருவிலும் நடந்தது. வீட்டு அடுப்புக்கு வந்தது 1958-ல். அந்த ஒரே ஆண்டில் ஜப்பானில் இரண்டு காரியங்கள் நடந்தன.

முதலாவது ஒசாகா பக்கத்தில், வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில். மோமோஃபுகு ஆண்டோ 1910-ல் தைவானில் பிறந்தவர். பல தொழில் செய்து, கையிலிருந்ததை எல்லாம் இழந்து 47 வயதில் நின்றவர். போர் முடிந்த குளிர்காலத்தில், ஒசாகாவின் கள்ளச்சந்தையில் ஒரு கிண்ணம் ‘ராமன்’ நூடுல்ஸுக்காக ஜனங்கள் நடுங்கிக்கொண்டு வரிசையில் நின்றதை அவர் மறக்கவில்லை. அமெரிக்கா உதவியாக அனுப்பிய கோதுமை மாவு குவிந்திருந்தது; அரசோ ரொட்டி சாப்பிடுங்கள் என்றது. ஏன், நூடுல்ஸ் சாப்பிட்டால் ஆகாதா என்பது ஆண்டோவின் கேள்வி. நூடுல்ஸைக் கெடாமல் உலர்த்துவது எப்படி என்று ஓராண்டு மல்லாடினார். மனைவி எண்ணெயில் தெம்புரா பொரிப்பதைப் பார்த்தபோது விடை கிடைத்தது என்பார்கள். கொதிக்கும் எண்ணெயில் போட்டால் மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகிக் குமிழ் குமிழாக வெளியேறும். அது விட்டுச்சென்ற ஓட்டைகள் அப்படியே நிற்கும். வெந்நீர் ஊற்றினால் அதே ஓட்டை வழியே நீர் உள்ளே போய் நூடுல்ஸ் உயிர்த்துவிடும். நாம் வற்றலும் வடகமும் பொரிக்கும்போது நடக்கும் அதே காரியம். 1958 ஆகஸ்ட் 25 அன்று அவருடைய சிக்கன் ராமன் விற்பனைக்கு வந்தது. அதில் காரம் இல்லை.

இரண்டாவது காரியம் டோக்கியோவில். சிச்சுவானிலிருந்து குடியேறிய சமையற்காரர் சென் கென்மின் அந்த ஆண்டு ‘ஷிசென் ஹான்தென்’ என்ற உணவகத்தைத் திறந்தார். அவர் ஊர்க் காவடி நூடுல்ஸின் காரத்தையும் விறுவிறுப்பையும் ஜப்பானியர் நாக்கு அப்போது தாங்காது. ஆகவே எள்விழுதைக் கரைத்து, கோழிச்சாறு ஊற்றி, காரத்தைக் குறைத்துப் பரிமாறினார். சாறில்லாத தான்தான் மியன், சாறுள்ள ‘தன்தன்மென்’ ஆனது. சிச்சுவான்காரர் ஒருவர் அதைப் பார்த்தால் தன் ஊர்ச் சாப்பாடு என்று ஒப்புக்கொள்ளச் சிரமப்படுவார். ஆனாலும் இன்று உலகில் பலர் தான்தான் என்று சாப்பிடுவது அவர் செய்த மாற்றத்தைத்தான். பண்டங்கள் பயணம் போனால் இப்படித்தான்; துல்லியமாகக் காப்பாற்றியவரைவிடத் துணிந்து மாற்றியவர் பின்னால்தான் அவை அதிகதூரம் போயிருக்கின்றன.

ஆண்டோவின் பாக்கெட்டுக்குள் மிளகாய் புகுந்தது கொரியாவில். அங்கும் தொடக்கம் பசிதான். ஜியோன் ஜுங்யுன் என்பவர் சியோலின் நம்தேமுன் சந்தையில், அமெரிக்கப் படை முகாமின் எச்சில் உணவைக் கொதிக்கவைத்த கஞ்சிக்கு ஜனங்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்தார். ஜப்பானுக்குப் போய்த் தொழில்நுட்பம் கேட்டார். ‘மியோஜோ’ கம்பெனி காசு வாங்காமல் கற்றுக்கொடுத்தது. இரண்டு தேசங்களுக்கும் இடையே இருந்த காயம் ஆறாத காலம் அது; அதை நினைத்தால் அந்த உதவியின் எடை தெரியும். 1963 செப்டம்பரில் சம்யாங் ராமியோன் 10 வோன் விலைக்கு வந்தது. முதலில் ஜப்பானியர் கோழிச்சாறு போலச் சப்பென்று இருந்தது. மிளகாய்ப்பொடி ஏற ஏறத்தான் அது கொரியச் சாப்பாடானது. 1986-ல் நோங்ஷிம் கம்பெனி ‘ஷின் ராமியோன்’ கொண்டுவந்தது. பாக்கெட்டில் பெரிதாக அச்சாகியிருக்கும் அந்த ஒற்றை எழுத்துக்குக் காரம் என்று பொருள். கம்பெனியை நிறுவியவரின் குடும்பப் பெயரும் அதுவே. 2012-ல் சம்யாங்கின் ‘புல்தாக்’ வந்தது. புல் என்றால் தீ, தாக் என்றால் கோழி.

அந்தத் தீக்கோழி 2024 ஜூனில் டென்மார்க்கில் மாட்டிக்கொண்டது. மூன்று வகைகளில் மிளகாய்ச் சத்து நஞ்சாகும் அளவுக்கு அதிகம் என்று அந்நாட்டு உணவுத்துறை கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொல்லியது. அடுத்த மாதமே இரண்டை மறுபடி அனுமதித்தது. கொரியாவுக்குள் நுழைந்த மிளகாயைப் பற்றி 1614-ல் யி சுக்வாங் எழுதிய பயத்தை, 410 ஆண்டு கழித்து, கொரியாவிலிருந்து வந்த மிளகாயைப் பார்த்து இன்னொரு தேசம் பட்டது.

நம் ஊர்க் கிளைக்கதையையும் சொல்லிவிடுகிறேன். கொல்கத்தாவில் 18-ம் நூற்றாண்டுக் கடைசியிலிருந்தே குடியேறிய சீனர்கள் சோயாவோடு பச்சை மிளகாயும் பூண்டும் சேர்த்து ஒரு தனிச் சமையலையே உண்டாக்கினார்கள். ‘ஹக்கா நூடுல்ஸ்’ என்று நாம் வாங்கும் பாக்கெட்டின் பெயர், அங்கே தோல் பதனிட்டு வாழ்ந்த ஹக்கா மக்களின் பெயர். 1983-ல் மேகி வந்து மசாலாப் பொட்டலத்தோடு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது.

இனி அடுப்படி. மீ கோரேங்கை வீட்டில் செய்யும்போது இரண்டு காரங்கள் வேண்டும். தமிழில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது இங்கே அழகாகப் பொருந்துகிறது. ஒன்று நாக்கைச் சுடுவது. இன்னொன்று அமிலத்துக்கு எதிரானது. அப்பளத்துக்குப் போடுகிறோமே, அந்தக் காரம். மஞ்சள் மீயின் மஞ்சள் முட்டையால் வந்ததல்ல, இந்தக் காரத்தால் வந்தது. கோதுமை மாவில் காரம் சேர்ந்தால் நிறம் மஞ்சளாகும், பசை இறுகும், கடித்தால் ரப்பர் போல எதிர்த்து நிற்கும். வடமேற்குச் சீனாவில் லான்ஜோ நகரத்து நூடுல்ஸ்காரர்கள் இதற்காகப் பாலைச்செடி ஒன்றை எரித்த சாம்பலைக் கரைத்து மாவில் ஊற்றுவது வழக்கம். நம் கடைகளில் விற்கும் சாதாரண ஹக்கா நூடுல்ஸில் பெரும்பாலும் அந்த எதிர்ப்பு இருக்காது. வேகவைக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி ஆப்பசோடா போட்டுப் பாருங்கள். நுரை பொங்கும், அடுப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இழை மஞ்சள் பூத்து விறைத்துக்கொள்ளும். முக்கால் வேக்காட்டில் வடித்து, குளிர்ந்த நீரில் நன்றாக அலசி, ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசிறி வையுங்கள்.

மிளகாய்க்கு நான் நீட்டு மிளகாய் எட்டும் ராமநாதபுரம் குண்டு மிளகாய் நான்கும் எடுத்துக்கொள்வேன். பினாங்குக்குப் போன மாமாக்களில் நிறையப் பேருடைய சீமையில் விளைவது அது. வெந்நீரில் அரைமணி ஊறவைத்து, சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஐந்து பல் சேர்த்து விழுதாக அரைத்து, எண்ணெய் தாராளமாக விட்டுச் சிறுதீயில் சுருளச் சுருள வதக்க வேண்டும். அவசரப்படக் கூடாது. மிளகாயின் எரிவுச்சத்து தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். எண்ணெய் சிவந்து விளிம்பில் பிரிந்து நிற்கும் நேரம்தான் காரம் முழுதாக இறங்கிய நேரம். சீனாவின் ஷான்ஷியில் வெந்த நூடுல்ஸ்மேல் மிளகாய்ப்பொடியைக் குவித்து, புகையும் எண்ணெயை அதன் தலையில் ஊற்றுவார்கள். சுர்ரென்று ஒரு சத்தம். நாம் தாளிப்பது எதற்காகவோ அதற்காகத்தான் அதுவும்.

பிறகு இரும்புச் சட்டியைப் புகையக் காயவைத்து, இரண்டு தட்டுக்கு மேல் போடாமல், வெந்து மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒரு கரண்டி, உருளைக்கிழங்கு, தோஃபு, முளைகட்டிய பயறு, மிளகாய் விழுது, சோயா, அந்தத் தக்காளி சாஸ் ஒரு சுற்று. மீயைப் போட்டு மாமா செய்தது போல அமுக்கி விடுங்கள். ஓரமாக ஒதுக்கி முட்டையை உடைத்து ஊற்றிப் புரட்டுங்கள்.

சுடச்சுடத் தின்றால் காரம் ஏன் கூடுதலாகத் தெரிகிறது என்பதற்கு 1997-ல் ஆய்வாளர் டேவிட் ஜூலியஸ் விடை கண்டார். 2021-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. மிளகாயை உணரும் நரம்பு வாசலும் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணரும் வாசலும் ஒன்றே. மிளகாய் அந்த வாசலைத் தட்டினால் மூளை நெருப்பு என்றே படித்துக்கொள்கிறது. சூடும் மிளகாயும் சேர்ந்தே தட்டினால் கேட்க வேண்டாம். எங்கள் வீட்டில் சின்னவள் முதல் வாயிலேயே தண்ணீர்ச் செம்பைத் தேடுவாள். தண்ணீர் அந்த எண்ணெயைக் கழுவாது, வாயெல்லாம் பரப்பும். செம்பை நகர்த்திவிட்டு ஒரு கிண்ணம் கெட்டித் தயிரைப் பக்கத்தில் வைப்பேன். இரண்டு கரண்டி தயிர், மூக்கை ஓர் உறிஞ்சு, அப்புறம் எலுமிச்சையை இன்னும் கொஞ்சம் பிழிந்துகொண்டு மறுபடி தட்டுக்குள் கை வைப்பாள்.